மலாயாப் போரின் முதல் வாரம்: ஜப்பானியப் படையை மதிப்பிடுதல்

1. அளவுகோல்

கேலாங் சாலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலாங் ஆற்றுமுகத்தை ஒட்டி, 1937-இல் திறக்கப்பட்ட பழைய விமான நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1942 பிப்ரவரி தொடக்கத்தில் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்று தளங்களும் ஜொகூர்க் கரையிலிருந்த ஜப்பானியப் பீரங்கிகள் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டன. போர் விமானங்கள் ஏறி இறங்க மிஞ்சியது காலாங் ஒன்றுதான். சில நாளில் அதுவும் காலியானது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

போருக்கு முன் ஜப்பானியச் சிப்பாயை ஏளனமாக எடைபோட்ட அதே பிரிட்டிஷ் அதிகார வட்டம், தோற்ற பின் அவனைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன்போலச் சித்திரித்தது. முன்னது இறுமாப்பு, பின்னது சால்ஜாப்பு. உண்மையில் முன்னணியில் வந்த 5-வது டிவிஷன் ஹிரோஷிமாப் பகுதியில் திரட்டப்பட்டது. அது சண்டை பழகியது சீனத்தில்.

எத்தனை மைல் வந்தார்கள், எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று எண்ணுவது எளிது. அது படையெடுத்தவனின் திறனையும் எதிராளியின் சரிவையும் ஒரே கணக்கில் எழுதிவிடும். ஆகவே இங்கே வேறு கேள்வி: இன்று கைக்கு வந்தது நாளை அவனுக்குப் பயன்பட்டதா? அதில் அவன் சம்பாதித்தது எவ்வளவு, எதிரி விட்டுப்போனது எவ்வளவு?

2. கோத்தா பாரு

1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்த நேரம். பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கிளந்தான் கடற்கரையில் சண்டை தொடங்கிவிட்டது. ஜப்பானியத் தளபதி தக்குமி தலைமையில் 5,000-க்குச் சற்று மேற்பட்டவர்கள் கொந்தளித்த கடலில் படகுகளில் இறங்கினார்கள். கரையில் முள்வேலி, கண்ணிவெடி, காங்கிரீட் காவலரண்கள். அவற்றுக்குள் 17-வது டோக்ரா ரெஜிமென்டின் மூன்றாம் பட்டாளம். நம் பள்ளிப் புத்தகங்களில் இவர்கள் எல்லாரும் ‘பிரிட்டிஷ் படை’ ஆகிவிடுகிறார்கள். துப்பாக்கி பிடித்து நின்றவர்கள் பஞ்சாப் மலையோரத்துப் பையன்கள்.

கரையேறியவர்கள் வேலிக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். எழுந்தால் குண்டு. படுத்தபடியே கையாலும் தலைக்கவசத்தாலும் மணலைத் தோண்டித் தோண்டி வேலிக்கு அடியில் நுழைந்தார்கள். ஆஸ்திரேலிய ஹட்சன் விமானங்கள் அவாஜிசான் மாரு கப்பலுக்குத் தீ வைத்தன. இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து ஜப்பானிய இழப்பு 800-ஐத் தாண்டியது. திட்டம் நேர்த்தியாக நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. சொதப்பிய தரையிறக்கத்தைச் சிப்பாய்களின் பிடிவாதம் காப்பாற்றியது என்பதே சரி.

ஆனால் கோத்தா பாரு விமானத்தளம்? எதிரி வாசலுக்கே வந்துவிட்டான் என்ற பொய்ச்செய்தி பரவி, அன்று பிற்பகலே தளத்தை விட்டுவிட்டார்கள். ஓடுபாதையை உடைக்கவில்லை. கடற்கரையில் ரத்தம் சிந்தி வாங்கியதைவிடப் பெரிய சொத்து, சிந்தாமலே கிடைத்தது.

3. வான்

தளம் இப்படிக் கைமாறியதற்கு வேர் போருக்கு முன்பே இருந்தது. கரையோரத் தளங்களின் இடத்தை விமானப்படை தரைப்படையோடு கலந்து தேர்ந்தெடுக்கவில்லை. அவற்றைக் காக்க இந்திய பிரிகேடுகள் சிதற வேண்டியதாயிற்று; காக்க வேண்டிய விமானங்களோ போதிய அளவில் வரவே இல்லை. மலாயாவுக்குக் குறைந்தபட்சம் 336 விமானம் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதல் நாள் இருந்தவை 158. வடக்கே அன்று காலை பறக்கத் தயாராக இருந்த 110-இல் மாலைக்குள் தேறியவை 50. ஜப்பானிய விமானிகளுக்கு முழு மதிப்பெண் தரவேண்டிய இடம் இது. ஓடுபாதையைக் குழியாக்காமல், நின்ற விமானங்களையும் ஆட்களையும் குறிவைத்துத் தாக்கினார்கள். நாளை தாங்களே இறங்கப்போகும் தளம் என்ற நினைப்பு அதில் தெரிகிறது.

டிசம்பர் 10-இல் குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. அது ஜப்பானியக் கடற்படை விமானங்களின் வேலை. தரைப்படையின் கணக்கில் சேராது.

4. ஜித்ரா

கெடாவில் நடந்ததுதான் ஜப்பானியப் படையின் புகழுக்கு மூலம். சயாமுக்குள் முந்திச் சென்று சிங்கோராவைப் பிடிக்கும் ‘மட்டடோர்’ திட்டத்துக்காக 11-வது இந்திய டிவிஷன் கிளம்பத் தயாராக மழையில் காத்து நின்றது. உத்தரவு வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டதும், பாதி வெட்டிய பதுங்குகுழிகளில் நீர் நிரம்பிக்கிடந்த ஜித்ராவுக்குத் திரும்பியது. படைப் பெருக்கத்தால் பழகிய ஹவில்தார்களையும் அதிகாரிகளையும் புதுப் பட்டாளங்களுக்குப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மலாயா முழுவதிலும் பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்கிகூட இல்லை.

டிசம்பர் 11 மாலை, கொட்டும் மழையில், ஜப்பானிய அதிகாரி சயேக்கியின் முன்னணிப் பிரிவு சில டாங்கிகளோடு பெருஞ்சாலையில் நேராக வந்தது. எதிரே நின்றவர்களில் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் கண்டதில்லை. மறுநாள் இரவு, ஒற்றைச் சாலை வழியே, இருட்டில் பின்வாங்க உத்தரவு. வண்டிகளும் பீரங்கிகளும் சேற்றில் கிடந்தன. செய்தி எட்டாத கம்பெனிகள் அங்கேயே தங்கிவிட்டன. 15-வது பிரிகேடில் திரும்பியவர்கள் சுமார் 600. ஜப்பானியக் கணக்கில் அவர்கள் தரப்பில் இறந்தவர்கள் 27.

இதைத் துணிச்சல் எனலாம். மதிநுட்பமான திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீரங்கி வைத்து நிதானமாகக் காத்த எதிரியிடம் இதே பாய்ச்சல் தற்கொலையாக முடிந்திருக்கும். ஜப்பானியர்களின் உண்மையான திறமை அடுத்த நாள் தெரிந்தது. அலோர் ஸ்டார் தளத்தில் கிடந்த பெட்ரோலையும் குண்டுகளையும் கொண்டே அவர்கள் விமானங்கள் தெற்கே பறந்தன. உடைந்த பாலங்களைப் பொறியாளர் பிரிவு உடனுக்குடன் செப்பனிட்டது. சைக்கிள் படை அவற்றின்மேல் ஓடியது. அதே வேகம் ஒரு பலவீனத்தையும் மறைத்தது: பிடித்த சரக்கு கிடைக்காவிட்டால் ஓட முடியாது. சிங்கப்பூர் வாசலில் ஜப்பானியப் படைத்தலைவர் யமஷிதா குண்டு தீரும் நிலையில் நின்றதற்கு விதை இங்கேதான்.

5. விட்டுச்சென்றவை

முதல் வாரம் முடிந்த கையோடு, டிசம்பர் 17-க்குள், ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் பினாங்கை விட்டுக் கிளம்பினார்கள். படகுகளையும் வானொலி நிலையத்தையும் அழிக்கவில்லை. கொடிக்கம்பத்திலிருந்து யூனியன் ஜாக்கை இறக்க அங்கே மிஞ்சியவர் யாழ்ப்பாணத் தமிழர், பத்திரிகையாசிரியர் சரவணமுத்து. அந்தப் படகுகளிலும் ஜப்பானியர்கள் பிறகு மேற்குக் கரையோரம் பின்புறமாக வந்து இறங்கினார்கள்.

சரக்கைவிடப் பெரியது ஆட்கள். ஜித்ராவில் சிதறிய 14-வது பஞ்சாப் ரெஜிமென்டின் கேப்டன் மோகன் சிங்கை, அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் புஜிவாரா சந்தித்துப் பேசினார். பிப்ரவரி 17-இல், இன்று லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கும் ஃபேரர் பார்க்கில், சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் மோகன் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். விமானப்படை முதல் தரம், தரையிறக்கம் சுமார், ஜித்ரா பாதி தானம் என்பது என் மதிப்பீடு. தங்களை அனுப்பிய ஆட்சியின்மேல் அந்தச் சிப்பாய்களுக்கு இருந்த நம்பிக்கை முதல் ஏழு நாளில் உடைந்ததைச் சேர்க்காத எந்தக் கணக்கும் குறையுள்ள கணக்கு.