தானே எழுந்து நிற்கும் நகல்

ஹார்டு டிஸ்க் என்றாவது ஒருநாள் நின்றுபோகும். சுழலும் தட்டும், அதன்மேல் மயிரிழையை விடக் குறைந்த இடைவெளியில் மிதக்கும் முனையும் கொண்ட கருவி அது. தேய்வது உறுதி, என்றைக்கு என்பதுதான் தெரியாது. அப்படி நின்ற நாளில் இன்னொரு டிஸ்க்கை வெளியே செருகி, ஒரு விசையை அழுத்திப் பிடித்து, கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாவற்றோடும் கணினியை எழுப்பிவிடலாம். ஆப்பிளின் மேக் மேசைக்கணினிகளில் இந்த வசதி நெடுங்காலம் இருந்தது. அந்த வெளி டிஸ்க் வந்த வழி நீளமானது.

1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது. 400 கிலோபைட் கொள்ளும் ஃப்ளாப்பியில்தான் இயங்குதளம் இருந்தது. அதைச் செருகினால்தான் கணினி விழிக்கும். மேக்கின் உயிர் தொடக்கத்திலேயே பெட்டிக்கு வெளியே, கையில் எடுத்துப் போகும் பொருளில் இருந்தது. 1985இல் 20 மெகாபைட் வெளி டிஸ்க் ஒன்றை ஆப்பிள் விற்றது. ஆனால் அன்றைய மேக்கை அதிலிருந்து நேரே தொடங்க முடியாது, முதலில் ஒரு ஃப்ளாப்பி வேண்டும். 1986 ஜனவரியில் வந்த மேக் பிளஸ், ஸ்கஸி என்ற இணைப்பு வாயிலைக் கொண்டுவந்தது. அதன்பின் வெளி டிஸ்க்கிலிருந்தே இயங்குவது இயல்பானது. நகல் எடுப்பதும் அன்று எளிது. இயங்குதளக் கோப்புறையை மவுஸால் இழுத்து இன்னொரு டிஸ்க்கில் போட்டால், பெரும்பாலும் அந்த டிஸ்க்கும் தொடங்கும்.

ஸ்கஸியில் தொல்லைகள் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுக்க வேண்டும், சங்கிலியின் கடைசியில் முடிப்பான் மாட்ட வேண்டும், கணினி ஓடும்போது கேபிளைத் தொடக்கூடாது. இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது ஃபயர்வயர் என்ற புதிய இணைப்பு. 1999 ஜனவரியில் வந்த நீல வெள்ளை பவர் மேக் ஜி3யில் மேக்குகளிலேயே முதன்முதலாக அது உள்ளமைந்து வந்தது. நொடிக்கு 400 மெகாபிட் வேகம், ஓடும்போதே மாட்டலாம், கழற்றலாம், சிறிய டிஸ்க்குக்கு மின்சாரமும் அதே கேபிளில் போகும். ஆனால் அந்த ஜி3யை ஃபயர்வயர் டிஸ்க்கிலிருந்து தொடங்க முடியவில்லை. அந்த வரம் அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த ஐமேக் டிவிக்கும், புதிய பலகை கொண்ட பவர் மேக் ஜி4க்கும்தான் கிடைத்தது. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாட் கூட 5 ஜிகாபைட் ஃபயர்வயர் டிஸ்க்தான். அதில் இயங்குதளத்தை ஏற்றி, பாட்டுப் பெட்டியிலிருந்தே மேக்கை எழுப்பியவர்கள் உண்டு.

அதே 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்து நகலெடுக்கும் முறையைக் குலைத்தது. அது யூனிக்ஸ் அடித்தளத்தில் எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கோப்புகள், உரிமைக் குறிப்புகள், இணைப்புகள் எல்லாம் அப்படியே பெயர்ந்தால்தான் நகல் எழும். மவுஸால் இழுத்துப் போட்ட கோப்புறை வெறும் பிணமாகக் கிடந்தது. 2002இல் மைக் பாம்பிச் வெளியிட்ட கார்பன் காப்பி க்ளோனர் இந்தக் குறையைப் போக்கியது. சூப்பர்டூப்பர் என்ற மென்பொருளும் பின்னர் துணைக்கு வந்தது. பழைய மேக் வைத்திருப்பவர்கள் இன்றும் இந்த இரண்டையும் நன்றியோடு சொல்கிறார்கள்.

ஒரு பெரிய அடியும் விழுந்தது. 2003 அக்டோபரில் மேக் ஓஎஸ் எக்ஸின் 10.3 பதிப்பு வந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டு 922 சிப் கொண்ட சில ஃபயர்வயர் 800 டிஸ்க்குகளில் இருந்த தரவு அழிந்தது. காப்புக்காக வைத்திருந்த டிஸ்க்கே பறிபோனவர்களுக்கு அது கற்பித்த பாடம் பெரியது: இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் முன் காப்பு டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும்.

2006இல் மேக் இன்டெல் சிப்புக்கு மாறியபோது யுஎஸ்பி டிஸ்க்கும் தொடக்க டிஸ்க் ஆகும் தகுதி பெற்றது. டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் அட்டவணையும் மாறியது. அதற்கு முந்தைய பவர்பிசி சிப் கொண்ட மேக்குக்கு ஆப்பிள் பார்ட்டிஷன் மேப் வேண்டும், இன்டெல் மேக்குக்கு உரியது குய்டு முறை. குய்டு முறையில் அமைத்த டிஸ்க்கில் நகல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பவர்பிசி மேக் அதிலிருந்து எழாது. பலருடைய நகல் எழாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

2007இல் டைம் மெஷின் வந்தது. மணிக்கொரு முறை தானாகக் காப்பெடுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனாலும் அது மூட்டையில் கட்டி வைத்த நெல், சோறாக்க இன்னும் அடுப்பும் பானையும் வேண்டும். டிஸ்க் இறந்த அன்றே வேலையைத் தொடர வேண்டியவருக்குத் தொடங்கக்கூடிய நகல்தான் உதவும். 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியதோடு இந்தப் பயணம் ஏறக்குறைய முடிந்தது. இயங்குதளம் முத்திரையிட்ட தனிப் பகுதிக்குள் போனது. புதிய மேக் வெளி டிஸ்க்கிலிருந்து தொடங்குவதற்கும் உள்ளே இருக்கும் சேமிப்பகம் நலமாக இருக்க வேண்டும். பாதுகாப்பு கூடியது உண்மை. உள்சேமிப்பகம் செத்த பிறகும் கணினியை வாழவைக்கும் வழி அடைபட்டதும் உண்மை.

ஆகவே பழைய மேக் மேசைக்கணினி வைத்திருப்பவர் கையில் இருப்பது, புதியவற்றில் இல்லாத ஒரு பலம். அதைப் பயன்படுத்தும் முறை எளிது. தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருந்தால் முதலில் அதை இயக்குங்கள். பிறகு கணினியை இயக்கி, தொடக்க ஒலி கேட்டதும் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடியுங்கள். கேபிள் உள்ள விசைப்பலகையே நம்பகமானது. டிஸ்க்குகளின் பட்டியல் திரையில் வரச் சற்று நேரமாகும், பொறுங்கள். நகலைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கியதும், எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்பதை ஆப்பிள் மெனுவில் உறுதிசெய்யுங்கள். நகல் எடுக்கும் முன் அந்த டிஸ்க்கின் தகவல் பலகத்தில் உரிமைகளைப் புறக்கணிக்கும் தேர்வு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடிகார பேட்டரி தீர்ந்த கணினி, பிளக்கைப் பிடுங்கியதும் தொடக்க டிஸ்க் எது என்பதை மறந்துவிடக்கூடும். அந்த பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

காப்பு எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அதிலிருந்து கணினியை ஒருமுறை எழுப்பிப் பார்த்த பிறகுதான் அது காப்பு. உள்ளே இருக்கும் டிஸ்க் நலமாக ஓடும் இந்த வாரமே அதைச் செய்து பாருங்கள்.