ஜெர்சியில் வழிந்த பியர்: விளையாட்டு வீரரின் சாவும் பொதுத் துக்கமும்

2009 செப்டம்பர் 28 அன்று, கலிபோர்னியாவின் அனஹைமில், ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி தன் பிரிவின் பட்டத்தை உறுதிசெய்தது. வழக்கப்படி வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பியரையும் ஷாம்பெயினையும் பீய்ச்சி அடித்தார்கள். நிக் ஏடன்ஹார்ட்டின் 34ஆம் எண் ஜெர்சியையும் அதே பியரில் நனைத்தார்கள். அவர் 22 வயது பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அதிகாலையில், குடித்துவிட்டு வேன் ஓட்டிவந்த ஒருவர் சிவப்பு விளக்கை மீறி மோதியதில் இறந்தவர்.

இந்தக் காட்சியைக் கேவலமாகப் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் பேச மனம் வரவில்லை. செத்தவனைக் கொண்டாட்டத்திலிருந்து விலக்கிவைக்க மனமில்லாதவர்கள் செய்த காரியம் அது. அதியமானின் நடுகல்லுக்குக் கள் படைக்கப்படுவதைக் கண்டு ஔவையார் கலங்குவதைப் புறநானூற்றின் 232ஆம் பாட்டில் காண்கிறோம். இறந்தவரோடு பந்தி கலைந்துவிடக் கூடாது என்ற ஏக்கம் பழையது. ஆனால் அதியமானைக் கள் கொல்லவில்லை. கொன்ற பொருளே படையலாகும்போது, துக்கத்துக்குள் பேசப்படாத ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. வீரர்களுக்கான பொதுத் துக்கம், மது யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்துத் தன் நியாயத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே என் வாதம். வீரர் கொல்லப்பட்டால் குடி குற்றமாகிறது. வீரரே குடித்து ஓட்டிச் செத்தால் குடி விதிக்குள் மறைந்துவிடுகிறது.

முதல் வகைக்கு ஏடன்ஹார்ட் வழக்கே சான்று. ஏப்ரல் 8 இரவு ஓக்லண்ட் அணிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. அன்றைய ஆட்டத்தைப் பார்க்கத் தந்தையை வரச் சொல்லியிருந்தார். சில மணி நேரத்தில், புல்லர்ட்டன் நகரில், அவரும் காரில் இருந்த மற்ற இருவரும் உயிரிழந்தார்கள். நான்காமவர் படுகாயத்துடன் பிழைத்தார். மோதியவரின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. அங்கே சட்ட வரம்பு 80, இந்தியாவில் 30. குடித்து ஓட்டியதற்காக அவர் முன்பே தண்டனை பெற்றவர், உரிமமும் முடக்கப்பட்டிருந்தது. மறுபடி குடித்து ஓட்டி யாராவது இறந்தால் கொலை வழக்கு வரலாம் என்ற எச்சரிக்கையை முந்தைய வழக்கிலேயே பெற்றிருந்தார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1981இல் வாட்சன் வழக்கில் அதற்கான வழியைத் திறந்திருந்தது: ஆபத்தைத் தெரிந்தும் பிறர் உயிரைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும் அது கொலையாகலாம். 2010இல் இரண்டாம் நிலைக் கொலை என்று தீர்ப்பாயிற்று. 51 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. துக்கமும் சட்டமும் இங்கே ஒரே குரலில் பேசின.

பிலடெல்பியா பிளையர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் பெல்லே லிண்ட்பெர்க் விஷயத்தில் அந்தக் குரல் தடுமாறியது. சுவீடன்காரர், 26 வயது. 1985இல் தலைசிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையைப் பெற்றவர்; அதைப் பெற்ற முதல் ஐரோப்பியர். அந்த நவம்பரில், அணியினர் கூடிய விருந்து முடிந்து, விடியும் முன் தன் போர்ஷே காரில் கிளம்பினார். நியூஜெர்சியின் சோமர்டேலில் ஒரு பள்ளியின் முன்னிருந்த சுவரில் கார் மோதியது. ரத்தத்தில் ஆல்கஹால் 240 மில்லிகிராம். அன்றைய நியூஜெர்சி வரம்பு 100. தந்தை சுவீடனிலிருந்து வந்துசேரும்வரை கருவிகளின் துணையோடு உடலை வைத்திருந்தார்கள். பிறகு உறுப்புகள் தானமாயின. அடுத்த ஆண்டு ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் இறந்துபோன அவரையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 31ஆம் எண்ணை அந்த அணியில் அதன்பின் யாரும் அணியவில்லை.

இந்த அன்பில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. என் கவலை அந்தக் காரிலிருந்த மற்ற இருவரைப் பற்றியது. இருவரும் பலத்த காயத்துடன் தப்பியவர்கள். வாக்குச் சீட்டிலோ ஜெர்சி எண்ணிலோ அவர்களுக்கு இடம் இருக்க வழியில்லை. சற்று மாறியிருந்தால் அவர்கள் செத்திருப்பார்கள், லிண்ட்பெர்க் குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார். அப்படி நடந்திருந்தால் வாக்கு விழுந்திருக்குமா என்று கேட்பது கொடுமையாகத் தெரியலாம். ஆனாலும் கேட்டாக வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்த கை செய்தது ஒன்றுதான். யார் பிழைத்தார்கள் என்பது மட்டும்தான் மாறும்.

வீரர்கள் இந்த ஆபத்தில் சிக்குவதற்கு, தங்கள் உடலின் மீது அவர்கள் வைக்கும் நம்பிக்கையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் வரும் பந்தைத் தடுத்தே பிழைப்பவன், ஒரு வளைவைச் சமாளிக்க முடியாதா என்று நினைப்பது இயல்பு. ஆல்கஹால் முதலில் கைவைப்பது இந்தக் கணிப்பின் மேல்தான். கை தடுமாறும் முன்பே, தடுமாறுகிறோமா என்று அளந்துபார்க்கும் புத்தி மங்கிவிடுகிறது. பயிற்சி பெற்ற உடலுக்குக் கல்லீரல் சலுகை காட்டுவதில்லை. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வீதத்தில்தான் ரத்தத்தில் அளவு இறங்கும். 240இலிருந்து 100க்கு வரவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபியோ குளிர்ந்த நீரோ இதை விரைவுபடுத்தாது. ஆகவே நிதானமாக ஓட்டு என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. சாவியை வாங்கிக்கொள்ளும் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

அந்த அறையைப் பற்றி ஒரு கிளப் யோசித்ததுண்டு. 2007 ஏப்ரல் 29 அதிகாலையில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் ஜாஷ் ஹான்காக், நெடுஞ்சாலையில் நின்றிருந்த மீட்பு வண்டியின் பின்னால் மோதி இறந்தார். ரத்தத்தில் 157 மில்லிகிராம். வரம்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அணி மேலாளர் டோனி லா ருஸாவே அதற்கு முந்தைய மாதம் புளோரிடாவில் குடித்து ஓட்டியதாகக் கைதாகியிருந்தார்; பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கார்டினல்ஸ் நிர்வாகம் தன் மைதானத்து வீரர் அறையில் மதுவைத் தடைசெய்தது. பியர் ஆலைக் குடும்பத்தின் பெயர் தாங்கிய புஷ் மைதானத்தில்தான் அந்த அறை இருக்கிறது. தடை அரங்கின் இருக்கைகளுக்கு நீளவில்லை. ஹான்காக் அன்றிரவு குடித்ததும் அந்த அறையில் அல்ல. இருந்தும் இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க மாட்டேன். இறந்த சக வீரரைப் பற்றி, அவர் எப்படி இறந்தார் என்பதையும் சேர்த்து, ஒரு நிர்வாகம் செயலால் பேசிய அரிய தருணம் அது.

லிண்ட்பெர்க் பெயரில் பிளையர்ஸ் அணி ஆண்டுதோறும் ஒரு கோப்பை தருகிறது. ஏடன்ஹார்ட் பெயரில் ஏஞ்சல்ஸ் அணியும் தன் சிறந்த பிட்சருக்கு விருது வழங்குகிறது. அவற்றை வாங்கும் இளைஞர்கள் பலரும் அந்த இரவுகளை அறிந்திருக்க மாட்டார்கள். விருது கொடுக்கும் மேடையில் 240, 190 என்ற எண்களையும், அந்தக் கார்களில் உடனிருந்தவர்களின் கதியையும் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் தரலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.