கடையின் பின்னறையில் ஒரு மக்களாட்சிப் பள்ளி

வாக்குரிமை ஏட்டில் இருப்பது வேறு. வாக்காளரின் கையில் இருப்பது வேறு. இந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன், மக்களாட்சி மலர்ந்த நாடுகளில் பொதுமக்களுக்கான சொற்பொழிவுக் கூடங்களும் தோன்றின. அரசு எவ்வாறு இயங்குகிறது, தேர்தல் எதற்காக, உலக நாடுகளிடையே நிகழ்வது என்ன என்பவற்றை அறிஞர் எடுத்துரைக்க, உழவரும் தொழிலாளரும் அமர்ந்து கேட்டனர். பெரும் நன்மை பயத்த முயற்சி அது. ஆயினும், கூட்டம் கலைந்தபின் கேட்டவர்களின் வாழ்வில் என்ன மாறியது என்ற வினா அம்முயற்சியைத் தொடர்ந்தே வந்துள்ளது. டென்மார்க்கு நாட்டில் தொடங்கி, அமெரிக்காவின் தென்கரையில் உள்ள ஒரு தீவை வந்தடையும் ஒரு வரலாறு அவ்வினாவுக்கு விடை தருகிறது. அதனை இங்கு நினைவுகூர்வோம்.

குளிர்காலப் பள்ளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டென்மார்க்கில் முடியாட்சியே நிலவியது. 1830களில் மன்னருக்கு ஆலோசனை கூறும் மன்றங்கள் அமைக்கப்பட்டன. நிலமுடைய உழவர்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. ஆனால், இடம் கிடைத்தவுடன் குரலும் கிடைத்துவிடுமா? இதனை எண்ணிப் பார்த்தவர் கிரண்ட்விக் என்பவர். அவர் லூத்தரன் திருச்சபையின் போதகர், வரலாற்றறிஞர், பல நூறு திருப்பாடல்களை இயற்றியவர். இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்விக்கும் பள்ளிகள் உழவனைப் பேச வைக்கா என்று அவர் கண்டார். வாழ்வுக்கான பள்ளி வேண்டும், அது மக்களின் தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவருடைய கருத்தைத் தழுவிய முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1849இல், டென்மார்க்கு அரசியலமைப்புச் சட்டத்தைப் பெற்றது. அப்போதும் பெண்களுக்கு வாக்கில்லை. பிறர் வீட்டில் ஊழியம் செய்வோருக்கும் இல்லை. பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குரிமையைப் பெற 1915 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பள்ளிகளில் தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. வயலில் வேலையற்ற குளிர்கால மாதங்களில் இளைஞர்கள் வந்து ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். ஆசிரியர் வரலாற்றைக் கதைபோல எடுத்துரைத்தார். எல்லாரும் சேர்ந்து பாடினர், உரையாடினர். அச்சிட்ட ஏட்டைவிட உயிருள்ள சொல்லே மனிதனை எழுப்பும் என்பது கிரண்ட்விக்கின் கொள்கை. இதன் பயனை ஊர்களில் காண முடிந்தது. 1882 முதல் டென்மார்க்கில் கூட்டுறவுப் பால்பண்ணைகள் பெருகின. அவற்றில் ஒருவர் எத்தனை மாடு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குத்தான். மாட்டுத் தலையை எண்ணாமல் மனிதத் தலையையே எண்ணுவோம் என்பது அவர்களின் வழக்கு. மக்கள் உயர்பள்ளிகளில் கேட்ட பாடத்தைப் பால்பண்ணையில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

மலைமேல் ஒரு பள்ளி

1931இல் டென்மார்க்குக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். பெயர் மைல்ஸ் ஹார்ட்டன். டென்னசி மாநிலத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நியூயார்க்கில் இறையியல் பயின்றவர். மக்கள் உயர்பள்ளிகளைச் சுற்றிப் பார்த்துத் தாயகம் திரும்பிய அவர், 1932இல் டான் வெஸ்ட் என்பவருடன் சேர்ந்து, டென்னசியின் மலைப்பகுதியான மாண்டீகிளில் ஹைலேண்டர் மக்கள் பள்ளியை நிறுவினார். பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அங்கு வந்து சில நாள்கள் தங்கித் தம் சிக்கல்களைப் பேசினர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமரக் கூடாது என்ற அம்மாநிலத்தின் நடைமுறைக்கு மாறாக, பின்னாளில் இரு நிறத்தாரும் அங்கே ஒரே மேசையில் உணவருந்தினர்.

1954ஆம் ஆண்டுக் கோடையில் ஹைலேண்டரில் ஒரு பயிலரங்கு கூடியது. அதன் பொருள் உலகப் பிரச்சினைகளும் ஐக்கிய நாடுகள் அவையும். தென் கரோலினா மாநிலத்தின் ஆசிரியை செப்டிமா கிளார்க் அதற்கு ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் ஏசா ஜென்கின்ஸ். சார்ல்ஸ்டன் நகரை அடுத்த ஜான்ஸ் தீவைச் சேர்ந்தவர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு உழவிலும் வணிகத்திலும் இறங்கியவர். தீவின் மக்களை நாள்தோறும் நகரத்து வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்துகளை நடத்தி வந்தார்.

ஊர் திரும்பியபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று வழக்கம்போலப் பயிலரங்கில் கேட்டனர். ஜென்கின்ஸ் தம் மனத்தில் இருந்ததைச் சொன்னார். உலக அவையைப் பற்றிப் பேசுவது நன்றே. ஆனால் தம் ஊராருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாததால் வாக்காளராகப் பதிவு செய்ய இயலவில்லை. அவர்களுக்குக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம்.

அமைப்பாளர்களின் திட்டத்தில் இல்லாத பேச்சு அது. அதனைப் புறந்தள்ளாமல் செவிகொடுத்தது ஹைலேண்டரின் பெருமை.

பேருந்தில் நடந்த பாடம்

ஜென்கின்ஸின் கவலைக்குக் காரணம் சட்டத்திலேயே இருந்தது. தென் கரோலினாவின் 1895ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கறுப்பின மக்களை வாக்குச் சாவடியிலிருந்து விலக்கும் நோக்குடன் இயற்றப்பட்டது. வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புவோர் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். இன்றேல் குறிப்பிட்ட மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும். அடிமைகளின் வழித்தோன்றல்களான தீவு மக்களில் பலர் பள்ளியையே கண்டறியாதவர்கள். எழுத்தறிவைத் தராத அரசே எழுத்தறிவைக் கேட்டது!

ஜென்கின்ஸ் தம் பேருந்தையே வகுப்பறையாக்கினார். சட்டப் பகுதிகளைத் தாளில் அச்சடித்துப் பயணிகளிடம் கொடுத்தார். நகரம் போய்ச் சேரும்வரை விளக்கினார். பயணிகளுள் ஒருவர் ஆலிஸ் வைன் என்ற பெண்மணி. படிக்கத் தெரியாத அவர் அப்பகுதியைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பதிவும் பெற்றுவிட்டார். ஆயினும் அவர் மனம் நிறைவடையவில்லை. ஒப்பிப்பது போதாது, உண்மையாகவே படிக்க வேண்டும் என்றார்.

தீவில் வயதுவந்தோர் வகுப்புகள் முன்னரும் நடந்ததுண்டு. பாட்டன்மாரும் பாட்டிமாரும் சிறுவர்களின் மேசைகளில் கால்களை மடக்கி அமர்ந்து, சிறுவர்களின் பாடநூலை வாசிக்க வைக்கப்பட்டனர். வெட்கத்தால் அவர்கள் வரவில்லை. மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று கற்பித்தோர் முடிவு கட்டினர். குறை எங்கிருந்தது என்பதை வாசகர்களே உணரலாம்.

இதற்கிடையில் செப்டிமா கிளார்க்குக்கும் சோதனை வந்தது. 1898இல் பிறந்த அவர், பதினெட்டாம் வயதில் இதே ஜான்ஸ் தீவில்தான் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். 1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் கொணர்ந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராக இருத்தல் கூடாது என்பது அதன் ஆணை. தம் உறுப்புமையை மறைக்க மறுத்த கிளார்க், நாற்பது ஆண்டுப் பணியையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். ஹைலேண்டர் அவரை ஏற்றுக்கொண்டது.

வகுப்புக்கு இடம் தேடியபோது, பள்ளிக்கூடம் முதலிய பொது இடங்களைத் தர உரியவர்கள் அஞ்சினர். எனவே ஜென்கின்ஸும் நண்பர்களும் நடத்தி வந்த முன்னேற்ற மன்றம், ஹைலேண்டரிடம் கடன் பெற்று ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. முன்புறம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்புறம் வகுப்பறை. வெளியாரின் ஐயத்தைத் தவிர்க்கவே இந்த அமைப்பு.

ஆசிரியையாக அமர்த்தப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன். கிளார்க்கின் உறவினர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். முடிதிருத்தும் அழகுநிலையமும் தையலும் அவர் தொழில். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினப் பெண்கள். ஆகவே வெள்ளை முதலாளி எவரும் அவரை வேலையிலிருந்து நீக்க இயலாது. மேலும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேட்டிமை அவரிடம் இராது என்றும் நம்பினர்.

1957 சனவரி 7ஆம் நாள் இரவு, 14 பேருடன் முதல் வகுப்பு தொடங்கியது. ராபின்சன் கையில் சிறுவர் பாடநூல்கள் இருந்தன. வந்தவர்களின் முகங்களைப் பார்த்ததும் அவை பயன்படா என்று உணர்ந்தார். தாம் கற்பிக்க வந்தவரல்லர், சேர்ந்து கற்க வந்தவர் என்று சொல்லி, அவர்கள் எதைக் கற்க விரும்புகிறார்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும் என்றனர் சிலர். வெளியூரில் உள்ள பிள்ளைகளின் கடிதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். விவிலியத்தை வாசிக்க வேண்டும், பணவிடைப் படிவத்தை நிரப்ப வேண்டும், வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டும் என்று விருப்பங்கள் நீண்டன. அவையே பாடத்திட்டம் ஆயின.

அட்டையில் எழுதிய தம் பெயரின்மீது விரலும் எழுதுகோலும் ஓட்டி ஓட்டி எழுதப் பழகினர். தேர்தல் சட்டத்தின் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொருள் உணர்ந்தனர். ராபின்சன் இன்னொன்றும் செய்தார். ஐக்கிய நாடுகள் அவை 1948இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பு முடிவதற்குள் நீங்கள் ஒவ்வொருவரும் இதனைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

வியப்புக்குரிய செய்தி அன்றோ இது! ஐக்கிய நாடுகள் அவையைப் பற்றிய பயிலரங்கில், எங்களுக்கு முதலில் எழுத்து வேண்டும் என்று ஜென்கின்ஸ் கூறினார். எழுத்து வந்த இடத்துக்கு அதே உலக அவையின் பிரகடனம் தானே வந்து சேர்ந்தது. உலக நடப்பை அறிவதற்கு ஏழைக்கு ஆர்வமில்லை என்பார்க்கு இந்தப் பின்னறைச் சுவரே மறுமொழி.

பள்ளி பெருகியது

அக்கம்பக்கத் தீவுகளிலும் இத்தகைய வகுப்புகள் எழுந்தன. குடியுரிமைப் பள்ளிகள் என அவை பெயர் பெற்றன. எதிர்ப்பும் எழுந்தது. 1959 சூலைத் திங்களில் காவலர்கள் ஹைலேண்டரைச் சோதனையிட்டு, மதுவே அருந்தாத கிளார்க்கை மது வைத்திருந்ததாகக் கூறிக் கைது செய்தனர். 1961இல் அப்பள்ளியின் உரிமம் பறிக்கப்பட்டு, உடைமைகள் ஏலம் விடப்பட்டன. ஆனால் அதற்குள், மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இயங்கிய தென்னகக் கிறிஸ்தவத் தலைமைப் பேரவை குடியுரிமைப் பள்ளிப் பணியை ஏற்றுக்கொண்டிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்ச்செஸ்டர் மையத்தில் கிளார்க்கும் டோரத்தி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் ஊர்ப்புறத்தாரைப் பயிற்றுவித்தனர். பயின்றவர்கள் தத்தம் ஊர் திரும்பிச் சமையலறையிலும் அழகுநிலையத்திலும் கோவிலிலும் வகுப்பு நடத்தினர்.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள் கையொப்பமான வாக்குரிமைச் சட்டம், தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தி வைத்தது. அச்சட்டத்தை வகுப்புகள் மட்டுமே கொண்டுவந்தன என்று கூறுவது மிகையாகும். அணிவகுப்புகளும் வழக்குகளும் உயிர்த் தியாகங்களும் அதற்குப் பின்னே உள்ளன. ஆயினும், வாயில் திறந்தபோது உள்ளே நுழையத் தயங்காத மக்களை இவ்வகுப்புகள் உருவாக்கியிருந்தன. ஓய்வூதியத்தை இழந்த கிளார்க், 1970களில் சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவுக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் பள்ளிகளை ஆளும் அவையில் அமர்ந்தார். 1987இல் ஜான்ஸ் தீவிலேயே அவர் கண்மூடினார்.

நாம் எண்ண வேண்டியது

மக்களுக்கு மக்களாட்சியைச் சொற்பொழிவால் கற்பிக்கலாமா? கற்பிக்கலாம், டென்மார்க்கின் உழவர்கள் அதற்குச் சான்று. ஆனால், அங்கும் சொற்பொழிவாளர் கேட்போருடன் தங்கினார், உண்டார், பாடினார். ஹைலேண்டரில் ஒரு பேருந்துக்காரரின் சொல் பயிலரங்கின் பொருளைவிட மேலாக மதிக்கப்பட்டது. ஜான்ஸ் தீவில் ஆசிரியை வாய் திறக்குமுன் காது கொடுத்தார். கற்பிப்பவர் கேட்கக் கற்ற இடத்தில்தான் கற்பவர் பேசக் கற்றார்.

நாமும் கூட்டங்கள் கூட்டுகிறோம், கருத்தரங்குகள் நடத்துகிறோம். மேடையில் இருப்பவர் பேசி முடித்ததும் நன்றியுரை கூறிக் கலைகிறோம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் எழுந்து, நீங்கள் கூறியது நன்று, ஆனால் எங்கள் ஊரில் உள்ள சிக்கல் வேறு என்று சொன்னால், அவரை உட்காரச் சொல்வோமா? அன்றி, அவருடைய ஊரில் ஒரு பின்னறையைத் தேடுவோமா?