பார்டர் சால்னாவில் மிதக்கும் கிராம்புக்கு எந்த ஊர்? - புளியங்குடி டு குற்றாலம்... ஒரு மசாலா டிரிப்!

சீசன் ஆரம்பிச்சாச்சு. புளியங்குடியில் பஸ் ஏறி, கடையநல்லூர், தென்காசி வழியா குற்றாலம் போனால் சுமார் 40 கிலோமீட்டர்தான். அருவியில் ஒரு குளியல், அப்புறம் பிரானூர் பார்டரில் பரோட்டா, சால்னா. நம்ம பக்கத்துப் பசங்களின் வழக்கமான பிளான் இதுதான்.

ஆனா, அந்த சால்னாவைச் சாப்பிடும்போது பல்லில் கடிபடும் கிராம்பை ஓரமாக எடுத்து வைப்போமே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் கிழக்கு மூலையில், மேப்பில் புள்ளி அளவுக்குத் தெரியும் சில தீவுகள். அங்கிருந்து இந்தியாவுக்குச் செடியாக வந்து இறங்கிய இடம், நீங்கள் துண்டோடு நின்று குளிக்கும் அதே குற்றாலம்!

நாலைந்து தீவு... உலகமே கஸ்டமர்!

கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. ஒருகாலத்தில் டெர்னாடே, டிடோரே உள்ளிட்ட மலுக்குத் தீவுகளில் மட்டுமே அந்த மரம் இருந்தது. ஜாதிக்காய் அதைவிட அபூர்வம். பாண்டா என்ற குட்டித் தீவுக்கூட்டம்தான் அதன் தாய்வீடு. கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல இருப்பதுதான் பிரியாணிக்குப் போடும் ஜாதிபத்திரி. ஒரே பழத்தில் இரண்டு மசாலா.

நமக்கு இரண்டுமே பழைய சொந்தம். தாம்பூலத்தோடு சேர்க்கும் பஞ்சவாசத்தில் இலவங்கமும் சாதிக்காயும் உண்டு. ஆனால், கடல்வழி வியாபாரத்தில் காய்ந்த சரக்காகத்தான் அவை வந்தன. மரம் அங்கே, மணம் இங்கே.

ஜாதிக்காய்க்காக ஓடிய ரத்தம்

1512-ல் போர்ச்சுக்கீசியர்கள் பாண்டாவுக்கு வந்தார்கள். பிறகு வந்தது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. 'எங்களுக்கு மட்டும்தான் விற்கணும்' என்றது. பாண்டா மக்களோ யார் வந்தாலும் வியாபாரம் செய்து பழகியவர்கள். 1621-ல் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள், சிலர் பக்கத்துத் தீவுகளுக்குத் தப்பினார்கள். காலியான தோட்டங்களில் வேலை செய்ய வேறு இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள்.

விதை வெளியே போய் முளைத்துவிடக் கூடாது என்று ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் முக்கி அனுப்பினார்கள். தங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். விலை குறையக் கூடாது, அவ்வளவுதான்!

பாண்டாவில் 'ரன்' என்று ஒரு துக்கடா தீவு இருக்கிறது. 1667-ல் பிரெடா ஒப்பந்தத்தில் அது டச்சுக்காரர்களுக்கே என்றானது. ஆங்கிலேயர்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மன்ஹாட்டன் அவர்களிடமே தங்கியது. ஆம், இன்றைய நியூயார்க்தான். அன்றைய கணக்கில் டச்சுக்காரர்களுக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை.

குற்றாலத்துக்கு வந்த செடிகள்

டச்சுக்காரர்களின் பூட்டை முதலில் உடைத்தவர், பிரான்ஸின் பியர் புவாவ்ர். 1770-ல் அவர் ஏற்பாட்டில் செடிகள் ரகசியமாக மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. அடுத்தது ஆங்கிலேயர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய அட்மிரல் ரெய்னியரின் கப்பற்படை 1796-ல் அம்போனையும் பாண்டாவையும் பிடித்தது. பின்னாலேயே போன கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித், ஆயிரக்கணக்கில் நாற்றுகளைச் சேகரித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்.

அதையொட்டி 1800 வாக்கில் குற்றாலத்தில் கம்பெனியின் மசாலாத் தோட்டம் உருவானது. இந்தியாவில் கிராம்பு சாகுபடி தொடங்கிய இடமாகக் குறிப்பிடப்படுவது இதுதான். ஏன் குற்றாலம்? செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. காற்றில் எப்போதும் ஈரம். தீவில் பிறந்த செடிக்குப் பிறந்த வீட்டு நினைப்பு வருகிற மாதிரி இடம்!

இந்தத் தேதிகளை நம்ம ஊர்க் கதையோடு சேர்த்துப் பாருங்கள். புளியங்குடிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் வாசுதேவநல்லூர், பூலித்தேவரின் கோட்டை. 1767-ல் அது கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது. ஒரு பக்கம் பீரங்கி, இன்னொரு பக்கம் நாற்று. தீவில் செடி கிடைத்ததும் இங்கே நிலம் கிடைத்ததும் ஒரே மாதிரியான வழியில்தான்.

அந்தக் கிராம்பு 1850-களுக்குப் பிறகு நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கும் கேரளத்துக்கும் பரவியது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்நிய விருந்தாளி, இன்றைக்கு நம்ம விவசாயிகளின் சொத்து.

டிரிப் போறவங்க கவனத்துக்கு...

* எப்போ போகலாம்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். வார நாள்களில் போனால் கூட்டத்தில் நசுங்காமல் குளிக்கலாம். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால், 'சும்மா ஒரு செல்ஃபி' என்று இறங்காதீர்கள்.

* எப்படிப் போகலாம்? சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான்.

* என்ன சாப்பிடலாம்? அருவிக்கரைக் கடைகளில் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். இவையும் மலேய, இந்தோனேசியத் தீவுப் பக்கத்திலிருந்து வந்த பழங்கள்தான். மங்குஸ்தானின் அடியில் இருக்கும் பூ மாதிரியான அடையாளத்தில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணிப் பார்த்து நண்பர்களிடம் பந்தயம் கட்டலாம்.

* கிராம்பு வாங்கும்போது... தலையில் உருண்டை மொட்டு உதிராமல் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். சக்கையாக இருந்தால், எண்ணெய் எடுத்த பிறகு வந்த சரக்காக இருக்கலாம்.

* ஜாதிக்காய்... பொடியாக வாங்காமல் முழுக்காயாக வாங்கி, தேவைப்படும்போது மட்டும் துளி துருவுங்கள். அளவு மீறினால் மயக்கம், வாந்தி வரும். விளையாட்டாக அதிகம் சாப்பிடவே கூடாது.

இன்றைக்கு பத்து ரூபாய் பாக்கெட்டில் கிராம்பு கிடைக்கிறது. ஜாதிக்காய்க்காக ஒரு தீவுக்கூட்டத்தின் ஜனமே ஏறக்குறைய அழிந்ததை எந்த மசாலா பாக்கெட்டிலும் அச்சடிக்க மாட்டார்கள். அடுத்த தடவை பார்டர் சால்னாவில் கிராம்பு கடிபட்டால், துப்புவதற்கு முன்னால் ஒரு விநாடி பாண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்க!