முதல் பதினொருவர் இல்லாத நாளில்

சென்ற வாரம் தரம் 10 இல் கைத்தொழிற் புரட்சி பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வாங்கிலிருந்து ஒரு பையன் கையை உயர்த்தினான். நீராவி இயந்திரம் பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று நினைத்தோம். "சேர், இந்தியாவின்ட ரெண்டாவது டீமே எங்கட முதல் டீமுக்கு அடிக்கும் எண்டு சொல்றாங்க. உண்மையா?"

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினோம். ஆனால் இடைவேளையில் ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியைப் போட்டதும் தேநீர் ஆறும் வரை வாக்குவாதம். ஒருவர் இந்தியா என்றார். ஒருவர் 90களின் அவுஸ்திரேலியா என்றார். மூத்த ஆசிரியர் ஒருவர், "உங்களுக்கெல்லாம் 80களின் மேற்கிந்தியத் தீவுகளைத் தெரியாது" என்று முடித்துவிட்டார். ஆளுக்கொரு கடதாசியில் பதினொரு பெயர் எழுதிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தக் கடதாசிக் கணக்கு பிழை என்று தோன்றியது. பெஞ்சில் இருப்பவனின் பலம் அவன் பெஞ்சில் இருக்கும்போது தெரியாது. முதல் அணி திடீரென்று இல்லாமல் போக வேண்டும். கிரிக்கெட் வரலாற்றில் அப்படியான நாட்கள் சில உண்டு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாவது, 1977. தொலைக்காட்சி உரிமைக்காக அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபையோடு மோதிய கெரி பெக்கர், உலகின் பெரிய வீரர்களைப் பணம் கொடுத்து அள்ளிக்கொண்டு போனார். அதிகம் இழந்தது அவுஸ்திரேலியாதான். சின்னாபின்னமான அணிக்குத் தலைமை தாங்க, ஓய்வு பெற்றுப் பத்து வருடமான பொப் சிம்சனை 41 வயதில் திரும்ப அழைத்தார்கள். அந்த அணி இந்தியாவை 3-2 என்று வென்றது. பெஞ்ச் பலமானது என்று சிலர் நம்பியிருப்பார்கள். அடுத்த பருவத்தில் இங்கிலாந்து வந்து 5-1 என்று அடித்துவிட்டுப் போனது. ரொட்னி ஹொக் என்ற புதுமுகப் பந்துவீச்சாளர் அந்தத் தொடரில் 41 விக்கெட் எடுத்தும் கதை அதுதான். இங்கிலாந்தும் டொனி கிரெய்க், அலன் நொட், டெரெக் அண்டர்வூட் போன்றோரை இழந்திருந்தது. ஆனால் அவர்களிடம் கோடை முழுக்க ஆடும் 17 கவுண்டி அணிகள் இருந்தன. (இங்கிலாந்து இழந்த எண்ணிக்கை குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே தொடரில்தான் அலன் போர்டர் அறிமுகமானார். முதல் அணி இருந்திருந்தால் அவர் எப்போது வந்திருப்பாரோ!)

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. பெற்றோருக்கும்கூட மறந்துவிட்டது.

1981 இல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அணித்தலைவர் பந்துல வர்ணபுர. அதே வருடம் ஒக்டோபரில் அதே வர்ணபுர, 14 வீரர்கள் கொண்ட ஒரு குழாமோடு தென்னாபிரிக்காவுக்குப் போனார். அப்போது அங்கே நிறவெறி ஆட்சி. உலகமே அந்த நாட்டோடு விளையாட மறுத்திருந்தது. எங்கள் தோல் நிறமுள்ள மனிதனை மனிதனாகவே கணக்கில் எடுக்காத ஆட்சிக்குக் காட்சிப் பொருளாகப் போனார்கள். கிடைத்தது கிரிக்கெட்டில் அவர்கள் அதுவரை காணாத பணம். அவர்களது வறுமையையும் நாங்கள் மறுக்கவில்லை, ஆனாலும் அந்தப் பயணத்தை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை. திரும்பி வந்தபோது 25 வருடத் தடை காத்திருந்தது.

அந்தக் குழாமை ஒருமுறை பாருங்கள். வர்ணபுர, டொனி ஓபாத்த, லலித் களுப்பெரும, இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் அஜித் டி சில்வா, அனுர ரணசிங்க, விக்கெட் காப்பாளர் மகேஷ் குணதிலக. விக்கெட்டுக்குப் பின்னால் மகேஷைப் போல இன்னொருவரை இந்த நாடு காணவில்லை என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் ஆடியது வெறும் ஐந்து டெஸ்ட். ஒரு வயதுகூட நிரம்பாத டெஸ்ட் நாடு, தன் இரண்டாம் வரிசையையும் முதல் வரிசையில் பாதியையும் ஒரே விமானத்தில் இழந்தது.

1983 மார்ச்சில் நியூசிலாந்துப் பயணம். துலீப் மெண்டிஸுக்கும் ரோய் டயஸுக்கும் காயம். நாற்பது வயது சோமச்சந்திர டி சில்வா தலைமை தாங்கினார். பல புதுமுகங்கள். இரண்டு டெஸ்டிலும் தோல்வி.

இதே நேரத்தில் உலகின் மறுபக்கத்தைப் பாருங்கள். 1983 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஒரு குழாம் அதே தென்னாபிரிக்காவுக்குப் போனது. லோரன்ஸ் ரோ தலைவர். அல்வின் காளிச்சரண், கொலின் குரொஃப்ட், சில்வெஸ்டர் கிளார்க், கொலிஸ் கிங் எல்லோரும் போனார்கள். அவர்களுக்கு ஆயுட்காலத் தடை. எங்களை விடப் பெரிய பெயர்கள், எங்களை விட அதிகம் பேர். என்ன ஆனது? 1984 இல் மேற்கிந்தியத் தீவுகள் அவுஸ்திரேலியாவை 3-0 என்றும், இங்கிலாந்தை இங்கிலாந்திலேயே 5-0 என்றும் துடைத்தெடுத்தது. யார் போனார் என்றே தெரியவில்லை. குரொஃப்ட் போன இடத்தில் மார்ஷல் நின்றார், ஹோல்டிங் நின்றார், கார்னர் நின்றார்.

ஒரே குற்றம், கிட்டத்தட்ட ஒரே தண்டனை, மூன்று மாத இடைவெளி. ஒரு நாடு தள்ளாடியது, ஒரு நாடு நிமிர்ந்தே நின்றது. "அவர்கள் இயல்பிலேயே வேகமானவர்கள்" என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். அது சோம்பேறிப் பதில். மேற்கிந்திய வீரன் தேசிய அணியில் இடம் கிடைக்காவிட்டால் சும்மா வீட்டில் இருக்கவில்லை. சில்வெஸ்டர் கிளார்க் ஆடிய டெஸ்ட் 11 தான், ஆனால் சறே கவுண்டிக்கு வருடக்கணக்கில் பந்து வீசினார். வெய்ன் டேனியல் 10 டெஸ்ட், மிடில்செக்ஸின் தூண். ஃபிராங்க்ளின் ஸ்டீபன்சன் அந்தத் தடையால் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை, 1988 இல் நொட்டிங்ஹம்ஷயருக்காக ஒரே பருவத்தில் 1000 ஓட்டங்களும் 100 விக்கெட்டுகளும் எடுத்தார். அவர்களின் பெஞ்ச் வீட்டு முற்றத்தில் இல்லை, இங்கிலாந்து முழுக்கப் பரந்து கிடந்தது.

எங்களிடம் என்ன இருந்தது? இலங்கையில் உள்ளூர்க் கழகப் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்ததே 1988/89 பருவத்தில். அதாவது டெஸ்ட் ஆடத் தொடங்கி ஆறேழு வருடங்களுக்கு, டெஸ்டுக்குக் கீழே முதல்தரப் போட்டி என்ற ஒரு படியே இங்கு இல்லை. எங்கள் பெஞ்ச் பாடசாலைதான். முதல் டெஸ்டில் ஆடிய அர்ஜுன ரணதுங்கவுக்கு 18 வயது, ஆனந்தாவின் மாணவன்.

அந்தப் பாடசாலைப் பெஞ்ச் எங்களை மூன்று வருடத்தில் எழுப்பியும் விட்டது. 1985 செப்டெம்பரில் அதே சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை வென்றோம். எங்கள் முதல் டெஸ்ட் வெற்றி. மகேஷ் குணதிலக விட்டுப்போன இடத்தில் கையுறை அணிந்து நின்ற அமல் சில்வா, அந்தப் போட்டியில் 111 ஓட்டங்கள் அடித்து, ஒன்பது பேரின் ஆட்டமிழப்பிலும் பங்கெடுத்தார். 1983 நியூசிலாந்துப் பயணத்தில் அடிவாங்கிய புதுமுகங்களில் ஒருவரான ருமேஷ் ரத்நாயக்க ஒன்பது விக்கெட். இடம் காலியானதால் வந்தவர்கள் இவர்கள். இதைச் சொல்லும்போது மகேஷை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவுஸ்திரேலியா தன் பாடத்தை எப்படிப் படித்தது என்பதற்கு 1994/95 ஒருநாள் தொடர் நல்ல சாட்சி. இங்கிலாந்து, சிம்பாப்வே, அவுஸ்திரேலியா, அதோடு நான்காவதாக அவுஸ்திரேலியா 'ஏ'. பெவன், ஹெய்டன், லேங்கர், பொன்டிங், மார்ட்டின் எல்லாம் 'ஏ' அணியில்! இங்கிலாந்து வெளியேற, இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவும் அவுஸ்திரேலியாவும் மோதின. சொந்த ரசிகர்களே 'ஏ' அணிக்குக் கைதட்டியது தலைவர் மார்க் டெய்லருக்குப் பிடிக்கவேயில்லை. அந்த ஏற்பாடு அதன்பின் தொடரவில்லை. அந்தக் காலத்துக் கூட்டநெரிசலை எங்களுக்கு நினைவூட்டுபவர் ஸ்டுவட் லோ. 1995 டிசம்பரில் பேர்த்தில் எங்களுக்கு எதிராக அறிமுகமாகி ஆட்டமிழக்காமல் 54. அதன்பின் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் போட்டியில் அவரோடு அறிமுகமாகி 96 எடுத்தவர் பெயர் ரிக்கி பொன்டிங்.

அடுத்து 2021. அந்த ஒரு வருடத்திலேயே மூன்று பரீட்சைகள்.

ஜனவரியில் பிரிஸ்பேன். இந்தியா அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்டிருந்தது. கோஹ்லி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார். பிறகு ஷமி, உமேஷ், ஜடேஜா, விஹாரி, அஷ்வின், பும்ரா என்று ஒவ்வொருவராகக் காயம். கடைசி டெஸ்டில் பந்து வீசியவர்களைப் பாருங்கள்: சிராஜ் அதற்கு முன் இரண்டு டெஸ்ட், சைனி ஒன்று, தாகூர் ஒன்று (அதிலும் பத்துப் பந்து வீசிவிட்டுக் காயத்தோடு வெளியேறியவர்), நடராஜனும் வொஷிங்டன் சுந்தரும் புதியவர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர். எதிரே கமின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வூட், லயன். நால்வருக்கும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். 1988 இற்குப் பிறகு அவுஸ்திரேலியா தோற்காத மைதானம். 328 என்ற இலக்கை இந்தியா 3 விக்கெட்டுகள் கையிருக்க எட்டியது.

பலரும் இதை வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். நான்கு டெஸ்டிலும் அவுஸ்திரேலியா அதே நான்கு பந்துவீச்சாளர்களையே போட்டது, ஓய்வேயில்லை. இந்தியா அந்தத் தொடரில் 20 பேரைப் பயன்படுத்தியது. மற்றது, அந்த 'புதியவர்கள்' உண்மையில் புதியவர்களே அல்ல. 2015 இலிருந்து ராகுல் ட்ராவிட் பயிற்றுவித்த 'ஏ' அணி ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. சிராஜ் 2018 இலேயே அவுஸ்திரேலியா 'ஏ' அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தவர். கில் 2019 இல் மேற்கிந்தியத் தீவுகளில் 'ஏ' அணிக்காக இரட்டைச் சதம் அடித்தவர். தொலைக்காட்சியில் வராததால் எங்களுக்குத்தான் அவர்கள் புதுமுகம்.

ஜூலையில் கார்டிஃப். எங்களோடு ஒருநாள் தொடர் ஆடி முடித்த கையோடு இங்கிலாந்து முகாமில் ஏழு பேருக்குக் கொரோனா. முழுக் குழாமும் தனிமைப்படுத்தப்பட, ஸ்டோக்ஸ் தலைமையில் முற்றாக வேறு ஓர் அணி. முதல் போட்டியில் ஐந்து அறிமுகங்கள். பாகிஸ்தான் 141 இற்குச் சுருண்டது. தொடர் 3-0. கவுண்டிகள் இம்முறையும் கைவிடவில்லை.

அதே ஜூலையில் கொழும்பு கெத்தாராம. அந்தப் பையனின் கேள்வி பிறந்த இடம் இதுதான். கோஹ்லியின் அணி இங்கிலாந்தில் இருந்தபோது தவான் தலைமையில் இன்னோர் அணி இங்கு வந்தது. இரண்டாந்தர அணியை அனுப்பியது அவமானம் என்றார் ரணதுங்க. வந்த 20 பேரில் 14 பேர் இந்தியாவுக்கு ஆடியவர்கள் என்று எங்கள் சபை பதில் சொன்னது. ஒருநாள் தொடர் 2-1 என்று இந்தியாவுக்கு. பிறகு குருணால் பாண்டியாவுக்குத் தொற்று, அவரோடு நெருங்கிப் பழகிய எட்டுப் பேர் அறைக்குள். மிஞ்சியவர்களில் ஒழுங்கான துடுப்பாட்ட வீரர்கள் ஐந்து பேர்தான். ரி20 தொடர் 2-1 என்று எங்களுக்கு. கடைசிப் போட்டியில் இந்தியா 81 ஓட்டங்கள்; ஹசரங்க தன் பிறந்த நாளில் 9 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்.

ஆனால் அந்த ஜூலையில் எங்கள் பக்கம் ஆடியது முதல் அணியா? குசல் மெண்டிஸ், டிக்வெல்ல, குணதிலக மூவரும் இங்கிலாந்தில் விதியை மீறி வெளியே சுற்றியதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். குசல் பெரேராவுக்குக் காயம். மெத்தியூஸ் விலகியிருந்தார். ஷானகவுக்குத் தலைமை கிடைத்ததே அப்படித்தான். ஆகவே அங்கு மோதியவை இரண்டு இரண்டாம் வரிசைகள். ஒருநாள் தொடரில் அவர்களது கொஞ்சம் மேல். ரி20 இல் வந்தது அவர்களின் மூன்றாம் வரிசை என்றே சொல்ல வேண்டும். பையனிடம் இதைச் சொன்னோம். "அப்ப எங்கட ரெண்டாவது டீமுக்கு அவங்கட முதல் டீம் வந்திருந்தா?" என்று கேட்டான். பதில் அவனுக்கே தெரியும்.

இந்தியாவில் ரஞ்சிக் கிண்ணத்துக்கு 38 அணிகள். எங்களிடமும் முதல்தரக் கழகங்கள் இருபதுக்கு மேல், எங்கள் சனத்தொகைக்கு அது கொஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை கொழும்பும் அதைச் சுற்றியும். அவுஸ்திரேலியாவில் மாநில அணிகள் ஆறே ஆறு; அந்த ஆறில் இடம் பிடிப்பதே ஒரு போர். இருபதில் இடம் பிடிப்பது அப்படியல்ல. 2022 இல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகளோடு ஒரு தேசிய லீக் நடத்தினார்கள். எங்களுக்கு அது சரியான திசை என்றுதான் பட்டது. யாழ் மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த், 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் ஒரு வாய்ப்புக் கிடைத்த பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தார். 2024 இல் ஐபிஎல்லில் பந்து வீசினார். அவர் வயதில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இன்னும் எத்தனை பேர் வலய மட்டப் போட்டியோடு நின்றுவிட்டார்கள் என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை.

எங்கள் பாடசாலையில் ஒரு மெட் விக்கெட், ஒரு பை நிறையப் பழைய உபகரணங்கள், பதினான்கு பையன்கள். கேள்வி கேட்டவன் பதின்மூன்றாவது ஆள். வியாழக்கிழமை பயிற்சியில் பந்தைக் கொடுத்தோம்; மூன்று ஓவர் வீசினான், இரண்டு வைட்.