பிளாக் சப்பாத் (முதல் இசைத்தொகுப்பு, 1970)

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவான ராக் இசைக்குழு பிளாக் சப்பாத். அதே பெயரில் அக்குழு வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பை வெர்ட்டிகோ நிறுவனம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் சுமார் 38 நிமிடம் ஓடும் இத்தொகுப்பு, ஹெவி மெட்டல் என்னும் இசைவகையின் பிறப்பிடம் என்று பரவலாகக் குறிக்கப்படுகிறது. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்பவருக்கு வேறொன்றும் புலப்படும்: இரவுதோறும் மதுக்கூடங்களில் புளூஸ் வாசித்துவந்த ஒரு குழு, தன் பழைய இசையை இன்னும் கைவிடாமல், புதிய ஒன்றைக் கண்டெடுத்துக்கொண்டிருக்கும் வேளை அதில் பதிவாகியிருக்கிறது. பின்னால் வந்த எந்தத் தொகுப்பிலும் கிடைக்காத சுவை அது.

ஆஸ்டன் நகர்ப்பகுதி

குழுவின் நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள்: கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், பாடகர் ஓஸி ஆஸ்போர்ன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிச் சிதைத்த கட்டடங்கள் அவர்களுடைய சிறுவயதிலும் அங்கே இடிபாடுகளாகவே கிடந்தன. சுற்றிலும் உலோகப் பட்டறைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இருந்தன. ஆஸ்போர்ன் சிலகாலம் கார் ஹார்ன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலையிலும், பிறகு ஆடுமாடு அறுக்கும் கூடத்திலும் இருந்தார். திருட்டு வழக்கில் அபராதம் கட்ட முடியாமல் வின்சன் கிரீன் சிறையில் சில வாரங்கள் கழித்தவர். சிறுவயதில் இரவில் படுத்திருக்கும்போது காதில் விழுந்த பட்டறைச் சம்மட்டிகளின் ஓசையைப் பற்றி வார்ட் பின்னாளில் பேசியிருக்கிறார்.

இத்தொகுப்பின் ஓசைக்குக் காரணம் தேடுவோர் முதலில் சொல்லும் நிகழ்ச்சி அயோமியின் விபத்து. 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலைநாளில், வேலைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக அழுத்து இயந்திரத்தில் நின்றார். வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் அது துண்டித்தது. அவர் இடதுகைக்காரர், ஆகவே தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே போய்விட்டன. இனி வாசிக்க முடியாது என்று ஒடுங்கிக் கிடந்தவருக்கு, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். ரைன்ஹார்ட் தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்தும் ஜாஸ் கிட்டாரில் உச்சம் தொட்டவர்.

அயோமி பாத்திரம் துலக்கும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி, விரல்நுனிக்கு உறைகள் வார்த்துக்கொண்டார். தந்தி வழுக்காதிருக்க அவற்றின்மேல் பழைய தோல் மேலங்கியொன்றின் துண்டை ஒட்டினார். உறைக்குள்ளிருக்கும் விரலுக்குத் தந்தியின் தொடுணர்வு கிடையாது. தடித்த தந்திகளை அழுத்தினால் வலி. மெல்லிய கிட்டார் தந்திகள் அப்போது கடைகளில் கிடைக்காததால் பேஞ்ஜோவின் தந்திகளை மாட்டினார். பல விரல்கள் தேவைப்படும் முழுக் கார்டுகளுக்குப் பதிலாக, ஆதாரச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்தொலிக்கும் இருசுரக் கார்டுகளை நம்பினார். அவற்றைத் தடிமனாக ஒலிக்கவைப்பதில் அவர் காட்டிய பிடிவாதம்தான் குழுவின் ஓசைக்கு அடித்தளம்.

பெயர் வந்த வழி

அயோமியும் வார்டும் மித்தாலஜி என்ற குழுவிலிருந்தும், பட்லரும் ஆஸ்போர்னும் ரேர் பிரீட் என்ற குழுவிலிருந்தும் வந்து 1968இல் ஒன்றுசேர்ந்தனர். போல்கா டல்க் புளூஸ் பேண்ட் என்று தொடங்கிய அக்குழுவில் சாக்ஸபோன் கலைஞரும் இன்னொரு கிட்டார் கலைஞரும்கூட இருந்தனர். விரைவில் நால்வராகச் சுருங்கி எர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் அயோமி ஜெத்ரோ டல் குழுவுக்குப் போய், ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய ராக் அண்ட் ரோல் சர்க்கஸ் படப்பிடிப்பில் அவர்களுடன் மேடையேறினார். சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். அங்கே அவர் கண்டது ஒத்திகை ஒழுங்கு. காலையில் குறித்த நேரத்துக்கு வந்து உழைக்கும் வழக்கத்தை அவர் ஆஸ்டன் நண்பர்களிடமும் வற்புறுத்தினார்.

குழுவை நிர்வகித்த ஜிம் சிம்ப்சன், பர்மிங்காம் ஸ்டேஷன் தெருவிலிருந்த கிரவுன் மதுக்கூடத்தில் ஹென்றிஸ் புளூஸ் ஹவுஸ் என்ற இசைமன்றத்தை நடத்தியவர். அங்கும், 1969இல் ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப் போன்ற ஐரோப்பிய அரங்குகளிலும் ஒரே நாளில் பல அமர்வுகள் வாசிக்க வேண்டியிருந்தது. கைவசம் இருந்த பாடல்கள் போதாமல், ஒவ்வொன்றையும் நீட்டி, நடுவே கற்பனைக்கு வந்ததை வாசித்து நேரத்தை நிரப்பினார்கள். இந்தத் தொகுப்பின் நீண்ட கிட்டார் பகுதிகளெல்லாம் அந்த மேடைப் பழக்கத்தில் விளைந்தவை.

எர்த் என்ற பெயரில் வேறொரு குழுவும் இருந்ததால் 1969இல் மீண்டும் பெயர் மாற்ற நேர்ந்தது. ஒத்திகை அறைக்கு எதிரே இருந்த திரையரங்கில், போரிஸ் கார்லோஃப் நடித்த பிளாக் சப்பாத் என்ற திகில் படம் ஓடியது. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் 1963ஆம் ஆண்டுப் படம் அது. பயப்படுவதற்காக மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்ற வியப்பு, இசையிலும் அதையே செய்துபார்க்கலாமே என்ற எண்ணமாக மாறியது. முதலில் ஒரு பாடலுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு குழுவுக்கு. பிறகு தொகுப்புக்கும்.

ஒரே நாள் பதிவு

1969 அக்டோபர் 16 அன்று லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு நடந்தது. தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயின். ஒலிப்பொறியாளர்களில் ஒருவர் டாம் ஆலம். நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒலிநாடா இயந்திரம். மொத்தம் இரண்டு நாள் அவகாசம், அதில் ஒரு நாள் ஒலிக்கலவைக்கே போய்விடும் என்ற நிலையில், மேடையில் வாசிப்பதுபோலவே எல்லாரும் ஒன்றாக வாசித்தார்கள். ஆஸ்போர்ன் தனித் தடுப்பறையில் நின்று அதே நேரத்தில் பாடினார். பெரும்பாலானவற்றைத் திரும்ப வாசிக்க வாய்ப்பில்லை. இந்த அவசரத்தால் தொகுப்பு இழந்ததைவிடப் பெற்றது மிகுதி. வார்டின் டிரம்ஸில் கேட்கும் தளர்வும் துள்ளலும், ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் வாத்தியக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவரின் கைவண்ணம். இருபது முறை திருத்திப் பதிந்திருந்தால் அந்தத் துள்ளல் தேய்ந்துபோயிருக்கும்.

கிட்டார் ஓசையிலும் தற்செயலுக்குப் பங்கு உண்டு. அயோமியின் முதன்மைக் கருவி அப்போது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். முதல் பாடலைப் பதிந்ததும் அதன் பிக்கப் பழுதாகிவிட்டது. மாற்றாகக் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரில்தான் மற்றவற்றை வாசித்தார். தடித்த ஓசை தரும் அந்தக் கருவி அன்றுமுதல் அவருடைய அடையாளமாயிற்று. டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு ஒலியூக்கியும், பர்மிங்காமிலேயே தயாரான லேனி ஆம்ப்ளிஃபையரும் அவருடைய ஓசைக்குத் துணைநின்றன.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால் இத்தொகுப்பு இவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். கிட்டாரின் சுருதியை ஒன்றரைத் தொனி இறக்கி வாசித்தது 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில். முதல் தொகுப்பு வழக்கமான சுருதியிலேயே உள்ளது. இதன் கனம் வேறிடத்திலிருந்து வருகிறது: கிட்டாரும் பேஸும் தனித்தனி வழியில் போகாமல் ஒரே இசைத்துணுக்கை ஒன்றாக வாசிப்பது, காலத்தை மெதுவாக்குவது, சுரங்களுக்கிடையே வெறுமையை விடத் தயங்காதது. பட்லர் முன்பு கிட்டார் வாசித்தவர். பேஸுக்கு மாறிய பின்பும் தந்தியை வளைத்து இழுக்கும் கிட்டார் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அயோமியின் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே ஒரு நிழல் உடன்செல்கிறது.

முதல் பாடலும் மூன்று சுரங்களும்

மழை, இடி, தூரத்து ஆலயமணி என்று தொடங்குகிறது தொகுப்பு. இந்த ஓசைகள் பதிவுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. அதன்பின் கிட்டார் மூன்றே சுரங்களை வாசிக்கிறது. கர்நாடக இசை அறிந்தவருக்கு எளிதாகச் சொல்லலாம்: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். ஐரோப்பியக் காது பஞ்சமத்தை எதிர்பார்க்கும் இடத்தில், அதற்கு அரைச்சுரம் கீழே நின்று நடுங்குகிறது இசை. சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை நூல்கள் இசைக்குள் புகுந்த சாத்தான் என்று பழித்தன. திருச்சபை அதைத் தடைசெய்தது என்று வழங்கும் கதைக்கு ஆதாரம் இல்லை. அதே பிரதி மத்யமம் கல்யாணி ராகத்தில் நமக்கு மங்கலமாக ஒலிக்கிறது. எனவே அச்சம் அந்தச் சுரத்துக்குள் குடியிருக்கவில்லை. பஞ்சமத்தில் சென்று இளைப்பாற விடாமல், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தனியாக அதை நிறுத்திவைத்த விதத்தில்தான் அச்சம் பிறக்கிறது.

இந்தத் துணுக்குக்கு ஊற்று, குஸ்தாவ் ஹோல்ஸ்டின் தி பிளானட்ஸ் என்ற இசைக்கோவையில் செவ்வாய்க்கோளுக்குரிய பகுதி. பட்லர் அதைப் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த ஒத்திகையில் அயோமி இந்த மூன்று சுரங்களுடன் வந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த பட்லருக்கு அக்காலத்தில் மாந்திரீக நூல்களில் ஈடுபாடு இருந்தது. ஓர் இரவு விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் கரிய உருவம் ஒன்று நின்றதாக அவர் நண்பர்களிடம் சொன்னார். அந்த அனுபவத்தை வைத்து ஆஸ்போர்ன் பாடல் எழுதினார். சாத்தானைப் போற்றும் பாடல் என்று இதைக் கண்டித்தவர்கள் வரிகளைக் கவனித்துக் கேட்டிருக்க முடியாது. அதில் பேசுபவன் நடுநடுங்கிக் கடவுளிடம் உதவி கேட்கிறான்.

மற்றப் பாடல்கள்

இரண்டாவது பாடலான தி விசார்டில் ஆஸ்போர்னின் ஹார்மோனிகா முன்னால் நிற்கிறது. டோல்கீனின் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியை மனத்தில் வைத்துப் பட்லர் எழுதியது. பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப் என்ற தலைப்பு அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையொன்றை நினைவூட்டுவது. அடுத்து வரும் என்.ஐ.பி., பட்லரின் தனி பேஸ் வாசிப்பில் தொடங்கிப் பெரிய இசைத்துணுக்காக வெடிக்கிறது. காதலில் விழுந்த சாத்தான் தானே பேசுவதாக அமைந்த பாடல். தலைப்பெழுத்துகளுக்கு ரசிகர்கள் பயங்கரமான விரிவுகளைக் கற்பித்தார்கள். உண்மையில் அது வார்டின் தாடி பேனா முள்போல இருந்ததால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர்.

இரண்டாம் பக்கத்தில் சொந்தச் சரக்கு குறைவு. ஈவில் உமன், அமெரிக்காவின் க்ரோ என்ற குழுவின் பாடல். நிர்வாகத் தரப்பின் விருப்பத்துக்காக 1970 ஜனவரியில் தனிப்பாடலாகவும் ஃபொண்டானா நிறுவனத்தில் வந்து கவனம் பெறாமல் போனது. ஸ்லீப்பிங் வில்லேஜ், வாயில் வைத்து மீட்டும் முகர்சிங்கு போன்ற கருவியின் ஒலியுடன் தொடங்கும் சிறு பகுதி. அதைத் தொடரும் வார்னிங், ஆய்ன்ஸ்லி டன்பார் ரெட்டாலியேஷன் குழுவின் புளூஸ் பாடல். அதில் அயோமி நிமிடக்கணக்கில் தனித்து வாசிக்கிறார். மேடையில் இன்னும் நீண்டிருந்ததைப் பெயின் வெட்டிச் சுருக்கினார். இந்தப் பகுதி அலைபாய்கிறது என்று குறைசொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் 1969இல் ஹென்றிஸ் புளூஸ் ஹவுஸில் உட்கார்ந்திருந்தவர் கேட்டது இதைத்தான்.

அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட பதிப்பில் ஈவில் உமனுக்குப் பதிலாக விக்கட் வேர்ல்ட் என்ற சொந்தப் பாடல் இடம்பெற்றது. ஜாஸ் நடையும் அரசியல் கோபமும் கொண்ட இப்பாடல் இருப்பதால், அமெரிக்கப் பதிப்பே மேலானது என்று துணிந்து சொல்லலாம்.

அட்டைப்படம்

தேம்ஸ் நதிக்கரையில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரின் மேப்பிள்டரம் நீராலை முன்னால், கரிய ஆடையணிந்த ஒரு பெண் நிற்கும் படம் அட்டையில் உள்ளது. கீஃப் என்று அறியப்பட்ட கீத் மேக்மில்லன், அகச்சிவப்புக் கதிர்களைப் பதியும் படச்சுருளில் எடுத்ததால் புல்லும் வானமும் நோய்கண்ட நிறம் கொண்டுள்ளன. அட்டையின் உள்மடிப்பில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றை வெளியீட்டு நிறுவனம் அச்சிட்டது. குழுவினருக்கு அது முன்கூட்டித் தெரியாது. சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்ற பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொள்ள அந்தச் சிலுவையே பெருங்காரணம்.

வரவேற்பு

பெரிய விளம்பரம் இல்லாமலே தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்தையும், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடத்தையும் எட்டியது. விமர்சகர்கள் கடுமையாக இருந்தனர். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ், க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்ற வகையில் ஒதுக்கித் தள்ளினார். புளூஸ் பகுதிகளைப் பொறுத்தவரை அந்த ஒப்பீட்டில் நியாயம் இருந்தது. முதல் பாடலில் க்ரீமிடம் இல்லாத ஒன்று நடந்திருப்பதை அவர் கேட்கத் தவறினார். அதே ரோலிங் ஸ்டோன் 2017இல் தேர்ந்த நூறு மெட்டல் தொகுப்புகளில் இதற்கு 5ஆம் இடம் தந்தது.

பெயினையும் ரீஜென்ட் சவுண்டையும் விடாமல் குழு 1970 ஜூனில் பதிவுசெய்த பரனாய்ட் என்ற அடுத்த தொகுப்பு, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் புளூஸ் ஏறத்தாழ மறைந்துவிட்டது. பெயின் பின்னர் அதே பர்மிங்காம் வட்டாரத்தின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் முதல் தொகுப்பையும், ஆலம் அக்குழுவின் 1980ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஸ்டீலையும் தயாரித்தார்கள்.

ஹெவி மெட்டலின் முதல் தொகுப்பு எது என்ற வழக்கில் ப்ளூ சியர் குழுவின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பையும், லெட் செப்பலினின் 1969ஆம் ஆண்டு முதல் தொகுப்பையும் முன்வைப்போர் உண்டு. உரத்த ஓசைதான் அளவுகோல் என்றால் அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது. வழித்தோன்றல்களைப் பார்த்தால் விடை வேறாகிறது. முதல் பாடலின் நடைபிணம் போன்ற முற்பகுதியிலிருந்து டூம் மெட்டல் என்ற தனி மரபே கிளைத்தது: அமெரிக்காவின் செயின்ட் வைட்டஸ், சுவீடனின் கேண்டில்மாஸ், தன் பெயரையே பிளாக் சப்பாத் பாடல் தலைப்புகளிலிருந்து ஒட்டுப்போட்டுக்கொண்ட இங்கிலாந்தின் எலக்ட்ரிக் விசார்ட். அதே பாடல் இறுதியில் திடீரென்று காலம் முடுக்கி, குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. 1980களின் மெட்டல் குழுக்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பாய்ச்சலை.