புண்ணாக்கில் ஒளிந்திருந்த எமன்

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் கிளம்பியது என்று? போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அந்த ரயில் போன வட ஆற்காடும், அதற்குத் தெற்கே இருந்த தென் ஆற்காடும் பின்னாளில் வேர்க்கடலை பூமியாக மாறின. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் மார்செய் நகரத்துக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அங்கே அது எண்ணெயாகி, சோப்பாகியது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய சரக்குகளிலும், தோலுக்குப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு ஓர் இடம் இருந்தது.

பிறந்தது தென் அமெரிக்காவில். மணிலா வழியாக வந்த கொட்டை என்பதால் 'மணிலாக்கொட்டை'. நம் ஜனங்களின் நாக்கு அதை 'மல்லாட்டை' ஆக்கியது. திருவொற்றியூர் தள்ளுவண்டியில் மணலோடு வறுபடும்போது வெறும் கடலை. ருசி, சத்து, சல்லிசு விலை. இதில் என்ன சார் வில்லங்கம்?

வில்லங்கம் வெளியே வந்தது 1960-ல். இங்கே அல்ல, இங்கிலாந்தில்.

லண்டனைச் சுற்றியிருந்த பண்ணைகளில் வான்கோழிகள் திடீரென்று சாய ஆரம்பித்தன. நூறு, இருநூறு அல்ல... ஒரு லட்சத்துக்கும் மேல்! கிறிஸ்துமஸ் விருந்துக்கு வளர்த்த பறவைகள். கிருமி எதுவும் சிக்கவில்லை. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தைத் துருவினார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் மாட்டியது குற்றவாளி. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்கிற பூஞ்சை. நம் பாஷையில், பச்சை மஞ்சளாகப் பூக்கிற பூசணம். அது கக்கிய விஷத்துக்கு அந்தப் பூஞ்சையின் பெயரையே சுருக்கி 'அஃப்ளடாக்ஸின்' என்று சூட்டினார்கள்.

'வான்கோழிதானே செத்தது' என்று நினைக்காதீர்கள். அடுத்த கணக்கு மனிதக் கணக்கு.

மைசூரில், சத்துக்குறைவால் உடம்பு ஊதிப்போன குழந்தைகளைத் தேற்ற கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் இந்த விஷம் இருந்தது. பிஞ்சு ஈரல்கள் கெட்டு இறுகிப் போனதை டாக்டர்களும் விஞ்ஞானிகளும் 1971-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மருந்தாகக் கொடுத்த மாவு!

மூன்று வருஷம் கழித்து, 1974-ல், குஜராத்-ராஜஸ்தான் எல்லையில் பெரிய அடி. இம்முறை மக்காச்சோளம். அறுவடை நேரத்தில் காலம் தப்பிய மழை. நனைந்த கதிரைக் காயவைக்க வசதியில்லாத ஆதிவாசி ஜனங்கள் அதையே தின்றார்கள். வேறு என்ன இருந்தது தின்ன? மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். நோயில் விழுந்தவர்கள் 397 பேர். இறந்தவர்கள் 106 பேர். அதே சோற்றின் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து விஞ்ஞானிகள்தான் முடிச்சை அவிழ்த்தார்கள்.

இப்படி ஒரேயடியாக ஆளைச் சாய்ப்பது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போவதுதான் வழக்கம். ஈரலுக்குள் போனதும் அது உருமாறி, செல்லின் மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் முடிவு புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987-லேயே இதை முதல் பிரிவில், அதாவது சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் தருகிறவை என்கிற பட்டியலில் சேர்த்துவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸும் கூட்டுச் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஷாங்காய் ஆய்வு ஒன்றில், விஷம் மட்டும் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு, வைரஸ் மட்டும் என்றால் ஏழு மடங்கு, இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அறுபது மடங்கு! இது கூட்டல் கணக்கல்ல, கூட்டு வட்டி.

எவ்வளவு விஷம் வரை சட்டம் சம்மதிக்கிறது? அப்படியே சாப்பிடுகிற கடலையில், இந்தியாவில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். புரியும்படி சொன்னால், பத்து டன் லாரி பத்து நிறையக் கடலையில் ஒரே ஒரு கிராம். ஐரோப்பியர்கள் இன்னும் கறார், 4 மைக்ரோகிராம்தான். அதனால் ஏற்றுமதிக் கடலை பொறுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, சான்றிதழோடு கப்பலேறுகிறது. அப்படியும் சிக்கல் வரும். 2025 செப்டம்பரில் இந்தோனேசியா இதே விஷத்தைக் காரணம் காட்டி நம் கடலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

வணிகம் படித்த புத்தி இங்கே ஒரு கேள்வி கேட்கும். பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் கடலை என்ன ஆகிறது? எந்த வியாபாரியும் சரக்கைக் கடலில் கொட்ட மாட்டான். அது செக்குக்குப் போகலாம். ஆட்டும்போது விஷத்தில் பெரும்பங்கு எண்ணெயில் அல்ல, புண்ணாக்கில் தங்குகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு தின்றதில் ஒரு சிறு பங்கு 'எம்1' என்று வேஷம் மாற்றிக்கொண்டு பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது.

கற்பனை இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் எம்1 அளவு மீறியிருந்தது. முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? தமிழ்நாடு. 551-ல் 88. தண்ணீர் கலந்த பாலுக்குச் சண்டை போடுகிற நாம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா?

வறுத்தால் போய்விடாதா என்பீர்கள். கொஞ்சம் குறையும், ஒழியாது. நம் வாணலிச் சூட்டுக்கெல்லாம் மசிகிற ஆசாமி இல்லை இது. இதன் பலவீனம் ஒன்றே ஒன்றுதான். ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சைக்கு வாழ்வில்லை. அறுத்த கடலையை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் அடுக்கினால் பாதி யுத்தம் ஜெயித்த மாதிரி. ராயபுரம், எண்ணூர் மாதிரிக் கடலோரத்தில், ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் மாசக்கணக்குக்கு வாங்கி வைக்காதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எல்லாம் குப்பைக்கு. அதை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டால் உங்களுக்கே திரும்பி வரும். மரச்செக்கு எண்ணெய் பிரியர்கள், எண்ணெயின் மணத்தோடு சேர்த்து ஆட்டிய கடலையின் யோக்கியதையையும் விசாரியுங்கள். குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது.

கடைசியாக ஒன்று. கடலை தின்னும்போது ஒன்று கசக்கும். உடனே இன்னொன்றைப் போட்டு அந்தக் கசப்பை அமுக்கப் பார்ப்போம். இனிமேல் வேண்டாம். கூச்சப்படாமல் துப்பிவிடுங்கள்!